வாடகைப் போர்ஷனுடன் வீடு: இளம் வயதில் கட்டலாமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக, பலகையில் எழுதிக் காட்டிய கணக்குகளும் சேர்க்கப்பட்டுள்ளன.)



வங்கியில் வீட்டுக் கடன் கோப்புகளைப் பார்த்தே என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி போனது. அதனால்தானோ என்னவோ, நம் வளாகத்து இளம் தம்பதிகள் லிஃப்டில் பார்த்தாலும் வாக்கிங்கில் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், தாம்பரம் தாண்டி அரை கிரவுண்டு இருக்கு. கீழே நாங்க இருந்துக்கிட்டு மேலே ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டா, வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும்ல? முப்பது வயசுலயே கட்டிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இது இருபது ஆண்டுச் சம்பளத்தை ஒரு கையெழுத்தில் எழுதிக் கொடுக்கும் விஷயம். ஆகவே இன்று கொஞ்சம் கணக்குப் போட்டே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். குடியிருக்க வீடு கட்டுவது ஒரு முடிவு. வாடகைக்கு விடக் கட்டுவது இன்னொரு முடிவு, அது ஒரு சிறு தொழில். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் வருவதால் ஒரே முடிவு போலத் தெரிகிறது. தொழிலுக்குத் தனிக் கணக்கு எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கு தன் காலில் நின்றால் கட்டுங்கள்.

மனை கையில் இருந்தால்

ஒரு உதாரணம். தொகைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1,200 சதுர அடி மனை, கடன் இல்லாமல் கையில் இருக்கிறது. கீழே 800 சதுர அடியில் உங்கள் வீடு. மேலே 400 சதுர அடியில் இரண்டு போர்ஷன். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் தளத்துக்கு 20 லட்சம், மொத்தம் 40 லட்சம். கையிருப்பு 10 லட்சம் போட்டு 30 லட்சம் கடன் வாங்குகிறீர்கள். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 26,035 ரூபாய்.

போர்ஷனுக்கு 9,000 வீதம் மாதம் 18,000 வாடகை. ஆண்டுக்கு 2,16,000. பலர் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆள் மாறும்போது ஏதாவது ஒரு மாதம் வீடு காலியாகத்தான் இருக்கும், அதற்கு 18,000 கழியுங்கள். சொத்து வரி, வெள்ளையடிப்பு, பிளம்பர், மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 30,000 கழியுங்கள். மிஞ்சுவது 1,68,000, அதாவது மாதம் 14,000.

மாடி கட்டாமல் கீழ்த்தளம் மட்டும் கட்டியிருந்தால் கடன் 10 லட்சம்தான், தவணை 8,678. மாடியோடு கட்டினால் வாடகை போகக் கையிலிருந்து போடுவது சுமார் 12,000. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கூடுதலாகக் கட்டி, 20 ஆண்டு முடிவில் ஒரு மாடியைச் சம்பாதிக்கிறீர்கள். இங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு இப்போது கொடுக்கும் வாடகையும் மெயின்டனன்ஸும் மிச்சம். நல்ல கணக்குதான்.

இதில் இளம் வயதுக்கு ஒரு அனுகூலமும் உண்டு. வட்டி விகிதம் மாறாதவரை தவணை அப்படியே நிற்கும், வாடகை ஏறும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்தால் 18,000 பத்து ஆண்டில் 29,000-ஐத் தாண்டும். முப்பதில் தொடங்கியவருக்கு ஐம்பதில் கடன் தீரும். நாற்பத்தைந்தில் தொடங்கினால் ஓய்வு பெற்ற பிறகும் தவணை துரத்தும்.

மனையும் வாங்க வேண்டுமென்றால்

இனி அதே வீடு, ஆனால் மனையையும் வாங்க வேண்டும். சதுர அடி 4,000 என்றால் மனை 48 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், மொத்த விலைக்கும் பத்திரம் பதிந்தால் 4.32 லட்சம். கட்டடம் 40 லட்சம். ஆக 92 லட்சத்துக்கு மேல். 25 லட்சம் சேமிப்பை முழுவதும் துடைத்துப் போட்டாலும் கடன் 67 லட்சம், தவணை 58,144 ரூபாய். வாடகை அதே 14,000. மீதி 44,000 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும்.

மனையின் 48 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டி மட்டும் மாதம் 34,000 ஆகிறது. போர்ஷன் வாடகை அதில் பாதிகூட இல்லை. வாடகைக்கு வருபவர் சுவருக்கும் கூரைக்கும் காசு கொடுக்கிறார். மண்ணின் விலைக்கு அவர் கொடுப்பதில்லை. "வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும்" என்ற பேச்சு, அப்பா காலத்தில் மனை வாங்கிப் போட்டிருந்த வீடுகளில் பிறந்தது. அங்கே அது ஓரளவு உண்மை. இன்றைய விலைக்கு மண்ணை வாங்குபவருக்கு அது பொருந்தாது.

அதற்காக மனை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. வாங்குங்கள், ஆனால் மனை வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்குங்கள். அங்கீகாரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்று என்ன சொல்கிறது, மழைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பாருங்கள். 2015 டிசம்பரில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று அங்குள்ள டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். மனை வாங்கிய கையோடு கட்டடத்தையும் தொடங்கி மூச்சு முட்டத் தேவையில்லை. வேலி போட்டு, பெயர்ப்பலகை வைத்து, சில ஆண்டு கடனை அடைத்துவிட்டுக் கட்டினாலும் மண் எங்கும் போய்விடாது.

வாடகை வராத மாதங்கள்

மனை கையில் இருப்பவர்களும் ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். ஆறு மாதம் ஒரு ரூபாய் வாடகை வரவில்லை என்றால் முழுத் தவணையையும் கட்ட முடியுமா? 2020-இல் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ பேர் பெட்டி படுக்கையோடு சொந்த ஊருக்குப் போனார்கள். தெருவுக்குத் தெரு டு-லெட் பலகை தொங்கியது. வாடகை நின்றாலும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆறு மாதத் தவணையைத் தனியாக வங்கியில் போட்டுவிட்டு, அதன் பிறகு மேஸ்திரியைப் பாருங்கள்.

வட்டியும் நிலையானதல்ல. 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. அப்படி இரண்டரை சதவீதம் ஏறினால் என்ன ஆகும்? 30 லட்சக் கடனுக்கு 6.5 சதவீதத்தில் 22,367 ஆக இருக்கும் தவணை, 9 சதவீதத்தில் 26,992 ஆகும். வங்கி தவணையை ஏற்றாமல் ஆண்டுகளை நீட்டினால் உங்களுக்கு வலி தெரியாது, கடன் மட்டும் நீளும்.

கட்டி முடியும் வரை வாடகை கிடையாது என்பதையும் கணக்கில் சேருங்கள். வங்கி கடனை மொத்தமாகத் தராது. அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலை நடக்க நடக்கத்தான் தரும். தந்த தொகைக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும். இங்கே வீட்டு வாடகை, அங்கே கட்டட வட்டி. பத்துப் பன்னிரண்டு மாதம் இரண்டு அடுப்பில் உலை வைக்க வேண்டும்.

அட்வான்ஸும் லீசும்

பட்ஜெட் இடிக்கும்போது மேஸ்திரியோ மாமாவோ ஒரு வழி சொல்வார்கள். "மேல் வீட்டை லீசுக்கு விடு, எட்டு லட்சம் வரும், வேலையை முடிச்சிடு." லீஸ் என்று நாம் சொல்கிற போக்கியம், மாத வாடகையே வராத ஒரு கடன். இரண்டு மூன்று ஆண்டில் எட்டு லட்சத்தையும் முழுசாகத் திருப்ப வேண்டும். பணம் சுவருக்குள் போயிருக்கும். அடுத்த லீஸ்காரர் கிடைத்தால்தான் முந்தியவருக்குத் தர முடியும். இதற்கிடையில் வாடகை வருகிறது என்று நம்பி வாங்கிய கடனுக்குத் தவணையும் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வாடகை அட்வான்ஸும் உங்கள் பணமல்ல. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழகிப்போன ஒன்று. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வீட்டு வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் வரம்பு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எத்தனை மாதம் வாங்கினாலும் அதை வைப்புத்தொகையாகப் போட்டு வையுங்கள். காலி செய்கிற அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிற வீட்டுக்காரர் என்ற பெயர், அடுத்த ஆளைக் கூட்டிவரும்.

அப்பா பெயரில் உள்ள மனை

இதைச் சொல்ல எனக்கே சங்கடம். ஆனால் கோப்புகளில் நான் அதிகம் பார்த்த சிக்கல் இதுதான். மனை அப்பா பெயரில், கடன் மகன் பெயரில், வீடு நாற்பது லட்சத்தில். அப்பா தாமே சம்பாதித்த மனையானாலும் உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மகன், மகள் அத்தனை பேருக்கும் சம பங்கு. தங்கைக்கும் அண்ணனுக்கும் மனையில் உரிமை உண்டு. தவணை கட்டியது மட்டும் நீங்கள். அப்போது பங்கு கேட்பவர்மேல் தப்பில்லை, கட்டியவர்மேலும் தப்பில்லை. ஆனாலும் உறவு முறிந்துவிடும்.

ஆகவே வரைபடம் போடுவதற்கு முன் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். மனை உங்களுக்குத் தரப்படுகிறதா, மற்றவர்களுக்கு என்ன ஈடு என்று முடிவு செய்து பதிவு செய்த பத்திரமாக்குங்கள். அப்பா தெம்பாக இருக்கும்போது இந்தப் பேச்சைப் பேசுவதுதான் மரியாதை.

வேலை மாறும் வயது

முப்பது வயதுக்காரரிடம் பணம் குறைவாக இருக்கலாம், கிளம்பிப் போகிற சுதந்திரம் நிறைய இருக்கும். நல்ல வேலை பெங்களூரில் வந்தால் இங்கிருக்கும் வாடகை வீட்டை இரண்டு மாத நோட்டீசில் காலி செய்துவிடலாம். மூன்று மீட்டரும் இரண்டு குடித்தனமும் உள்ள சொந்த வீட்டை அப்படி விட்டுப் போக முடியாது. இரவு பதினொரு மணிக்கு மேல் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் போன் உங்களுக்குத்தான் வரும்.

இங்கே நம் வளாகத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரி எழுதினால் போதும். அங்கே சங்கமே நீங்கள்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், தொட்டி கழுவ ஆள் கூப்பிடுபவர், திட்டு வாங்குபவர் எல்லாமே ஒரே ஆள். இது எல்லோருக்கும் ஒத்துவராது. உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் அலுவலகம் போய்விட, இன்னொருவர் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலை விழுகிறது.

ரூபாயில் அடங்காத ஒரு லாபமும் உண்டு. வயதான பெற்றோர் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும்போது மேலே ஒரு குடும்பம் இருப்பது பெரிய ஆறுதல். மாத்திரை வாங்கித் தரவும், ராத்திரியில் கதவைத் தட்டவும் ஒரு ஆள். இதற்காகவே போர்ஷன் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

கட்டி விரிக்கும் வழி

கட்டலாமா, பொறுக்கலாமா என்று தவிப்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. இப்போது கீழ்த்தளம் மட்டும் கட்டுங்கள். அஸ்திவாரத்தையும் தூண்களையும் மட்டும் மேல் இரண்டு தளத்துக்கும் சேர்த்து வடிவமைக்கச் சொல்லுங்கள். மண் பரிசோதனை செய்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள். "எல்லாம் தாங்கும் சார்" என்ற வாய்ச்சொல் போதாது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு, பின்னால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்த ஆகும் செலவோடு பார்த்தால் சிறியது.

படிக்கட்டை வெளிப்பக்கமாக வையுங்கள். பின்னால் வருபவர் உங்கள் ஹாலைக் கடக்காமல் ஏற வேண்டும். கழிவறைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி இடம் ஒதுக்கினால் குழாய் நேராக இறங்கும், உங்கள் படுக்கையறைக் கூரையில் கசிவு வராது. சம்ப்பை மூன்று குடும்பத்துக்கான அளவில் இப்போதே தோண்டுங்கள், பிறகு தோண்ட இடம் இருக்காது. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்தே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பேருக்கு ஒரு குழி வெட்டாமல் ஒழுங்காகச் செய்யுங்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மாடிக்காக நீட்டி விடும் தூண் கம்பிகளை அப்படியே மழையில் விடாதீர்கள், துருப்பிடித்துவிடும். சிமென்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைக்கச் சொல்லுங்கள். மாடி கட்டும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வாசல், தனிச் சமையலறை, தனி மின் மீட்டர் என்று திட்டமிடுங்கள். வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். எல்லோரையும் ஒரே மீட்டரில் சேர்த்தால் மொத்தமும் உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறிவிடும், யார் எவ்வளவு என்று மாதாமாதம் மனக்கசப்பும் வரும்.

அனுமதி விஷயத்தில் ஒன்று. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, தரைத்தளத்தோடு முதல் தளமோ கட்ட, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். வேகமாகக் கிடைக்கிறது என்பதற்காக வரைபடத்தை மீறிக் கட்டாதீர்கள். சான்றளிப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது.

வரி

"கடன் வாங்கினால் வரி மிச்சம்" என்பதைப் புதிய வரி முறையில் இருப்பவர்கள் மறந்துவிடுங்கள். அதில் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் வட்டிக்குக் கழிவு இல்லை. வாடகைப் பகுதியில், சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை நிலைக் கழிவாகக் கழிக்கலாம். அந்தப் பகுதிக்கான வட்டியையும் வாடகை வருமானம் இருக்கும் அளவுக்குக் கழிக்கலாம், அதற்குமேல் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. என் உதாரணத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வாடகைக்கு வரி விழாது. வட்டி குறைந்து வாடகை ஏறும்போது விழும். வாடகையை மறைக்காமல் காட்டுங்கள், பின்னால் மாடி கட்டக் கடன் கேட்கும்போது அதுவே வருமானச் சான்று.

முடிக்கிறேன். மனை கையில் இருந்து, உரிமை தெளிவாக இருந்து, ஆறு மாதத் தவணை கையிருப்பில் இருந்து, பத்து ஆண்டாவது இந்த ஊரில்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், இளம் வயதிலேயே மாடியோடு கட்டுங்கள். பொறுத்திருப்பதால் பெரிய லாபம் இல்லை. கையிருப்போ ஊரோ உறுதியாகவில்லை என்றால் கீழ்த்தளத்தோடு நில்லுங்கள், மாடிக்கு அஸ்திவாரம் காத்திருக்கும். மனை உரிமையே தெளியவில்லை என்றால் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். மனையையே கடனில்தான் வாங்க வேண்டும் என்றால், போர்ஷன் வாடகையைக் கணக்கிலேயே சேர்க்காமல், சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

இன்று இரவு ஒரு தாளில் உங்கள் சொந்த எண்களை எழுதிப் பாருங்கள். எழுதியதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில்தான் இருப்பேன். தாளோடு வாருங்கள், மனை வரைபடம் அப்புறம் பார்க்கலாம்.